வெங்காயம் விற்கும்வரை கூலி காத்திருக்கலாமா?

வலிகாமத்துச் செம்மண்ணில் சின்ன வெங்காயம் செய்யும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். வழமையாகச் சனிக்கிழமை பின்னேரம் தோட்டத்து ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிடுவீர்கள். இம்முறை வெங்காயத்தை ஏற்றிச் சென்ற வியாபாரி காசைத் தராமல் நாளைக் கடத்துகிறார். அதனால் கிண்டியவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் மூன்று கிழமைக் கூலி நிலுவையில் நிற்கிறது. ஆட்கள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை; உங்கள் மனைவிதான் அது பாவம் என்கிறார். நீங்களோ, "என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்று மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து எசமானே கேட்கிறாரே என்கிறீர்கள். பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பது பற்றியும், வேலையில் மந்தமாக நிற்பவனைப் பற்றியும் கூடவே கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதே சரி. ஏன் சரி என்பதற்கு உபாகமம் 24ஆம் அதிகாரத்தைத்தான் முதலில் விரிக்க வேண்டும். "ஏழையும் எளிமையுமான கூலிக்காரனை ஒடுக்காயாக" என்று 14ஆம் வசனம் தொடங்குகிறது. அவன் உன் சகோதரனாக இருந்தாலும் உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனாக இருந்தாலும் சட்டம் ஒன்றே என்று அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அடுத்த வசனத்தில், வேலை செய்த நாளில்தானே, பொழுது போகுமுன்னே, அவனுடைய கூலியை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளை வருகிறது. லேவியராகமம் 19:13 இதையே இரவின் பக்கமிருந்து சொல்கிறது: கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. கூலி எவ்வளவு என்பதை இந்த இரண்டு இடங்களும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தொகையை ஊர் வழக்கத்துக்கும் இருவர் பேச்சுக்கும் விட்டுவிட்டு, நேரத்தை மாத்திரம் சட்டம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரமும் எசமானின் பெட்டியில் காசு சேரும் நேரமன்று; கூலியாளின் வீட்டில் அடுப்பு மூட்டும் நேரம்.

அதற்குக் காரணமும் அந்த வசனத்திலேயே இருக்கிறது. நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்" என்று வரும். எபிரேய மூலமோ இதைவிடக் கனமானது. அவன் தன் உயிரை அதன்மேல் உயர்த்தி வைக்கிறான் என்பது அதன் சொல்லுக்குச் சொல்லான பொருள். இந்தச் சொற்றொடரை ஆராய்ந்த பழைய யூத ரபீமார், இந்த மனிதன் உயரமான படியில் ஏறியதும், மரத்தில் தொங்கியதும், தன்னைச் சாவுக்குக் கையளித்ததும் எதற்காக, கூலிக்காக அல்லவா என்று கேட்டார்கள். அவர்கள் எந்த மரத்தை மனதில் கொண்டு கேட்டார்களோ, எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் பனைதான் நினைவுக்கு வரும். விடியலிலும் பின்னேரமும் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கும் சீவல் தொழிலாளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உயிரைக் கூலியின்மேல் வைப்பது என்றால் என்னவென்று எந்த விரிவுரையாளரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் தோட்டத்தில் மரமேறும் ஆபத்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்றாடக் கூலியில் அரிசி வாங்குகிறவருக்கு அந்தக் காசும் உயிரும் ஒன்றோடொன்று கட்டுண்டவைதான். கத்தோலிக்கச் சகோதரர்களின் வேதாகமத்தில் உள்ள சீராக் ஆகமம், 34ஆம் அதிகாரத்தில், கூலியாளின் கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்றே சொல்லிவிடுகிறது.

இந்தக் கட்டளை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனம், கடனுக்கு ஈடாகத் திரிகைக் கல்லை வாங்காதே என்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் மா அரைக்க வழியில்லை. 10ஆம் வசனம் முதல், அடகு வாங்குகிறவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றும், ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால் பொழுது போகும் வேளையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் வருகிறது. அதை அடுத்தே கூலியின் கட்டளை, மறுபடியும் பொழுது போகுமுன்னே என்ற அதே எல்லையோடு வருகிறது. கடனையும் அடகையும் பற்றிப் பேசும் வரிசையில் கூலி ஏன் வந்து உட்கார்ந்தது என்று பலகாலம் யோசித்திருக்கிறேன். என் விளக்கம் இது: கூலியைப் பிடித்து வைக்கிறவன் உண்மையில் கடன் வாங்குகிறான். அதுவும் தன்னைவிட ஏழையிடம், அவன் சம்மதத்தைக் கேளாமல், வட்டியும் இல்லாமல், திருப்பிக் கொடுக்கும் நாளையும் சொல்லாமல் வாங்குகிறான். உங்கள் தோட்டத்தின் கதையும் இதுவே. வியாபாரி உங்களிடம் கடன் வாங்கியிருக்கிறார். நீங்கள் அந்தக் கடனை, களை பிடுங்கிய பெண்களின் தலையில் இறக்கிவிட்டீர்கள். அவர்களோ ஊர்க்கடையின் கடன் கொப்பியில் தங்கள் பெயரை எழுதுவித்திருப்பார்கள். அந்தக் கொப்பிக்குக் கீழே இறங்க வேறு படி இல்லை.

சட்டம் ஏட்டில் மாத்திரம் கிடந்ததா, அதைக்கொண்டு யாரும் நியாயம் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். 1960ஆம் ஆண்டில், இஸ்ரவேலின் மத்தியதரைக் கடலோரத்தில், யாவ்னே-யாம் என்ற இடத்துக்கு அருகே இருந்த பழைய கோட்டையொன்றில், மையால் எழுதப்பட்ட ஓர் ஓட்டுத்துண்டைத் தொல்லியலாளர் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அதில், அறுவடைக்காரன் ஒருவன் தன் பகுதி அதிகாரிக்கு முறையீடு செய்கிறான். தனக்கு விதிக்கப்பட்ட அளவை அறுத்துச் சேர்த்துவிட்டதாகவும், அப்படியிருந்தும் ஓசாயாகு என்பவன் தன் வஸ்திரத்தைப் பறித்துக்கொண்டதாகவும், தன்னோடு வெயிலில் அறுத்த தோழர்கள் சாட்சி சொல்வார்கள் என்றும் அவன் சொல்கிறான். பெயர்கூட நமக்குக் கிடைக்காத அந்தக் கூலியாள் கேட்டது தன் உடுப்பை மாத்திரமே.

இனி, சனிக்கிழமைச் சம்பளமே தவறா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். தவறன்று. யூத ரபீமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, பாபா மெட்சியா என்ற பகுதியின் 9ஆம் அதிகாரத்தில், பகலுக்கு அமர்த்தப்பட்டவன், இரவுக்கு அமர்த்தப்பட்டவன், கிழமைக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் அமர்த்தப்பட்டவன் என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் தவணை முடியும் பொழுதே கூலி கடமையாகிறது என்று வகுத்துள்ளது. முன்கூட்டியே பேசி, இரு தரப்பும் அறிந்து ஏற்ற தவணை கட்டளையை மீறுவதாகாது. ஆனால் "வெங்காயம் விற்றதும் தருவேன்" என்பது தவணையன்று. அதற்கு நாளே இல்லை. வேலை முடிந்த பின்னர் ஒருவர் மாத்திரம் சொல்லி, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்ற பேச்சு அது. அதோடு, சந்தை விழுந்தால் வரும் நட்டத்தை ஆட்களோடு பங்கிடுகிறீர்களே, விலை ஏறியபோது வந்த இலாபத்தைப் பங்கிட்டீர்களா? கடலுக்குப் போகிறவர்களிடம் பங்கு முறை இருக்கிறது. மீன் பட்டால் எல்லாருக்கும் பங்கு, படாவிட்டால் எல்லாருக்கும் வெறுங்கை. அது ஒரு நியாயம். நாட்கூலி வேறொரு நியாயம்: இலாபமும் நட்டமும் தோட்டக்காரனைச் சேரும், கூலி மாறாது. இரண்டிலும் தனக்கு வசதியான பாதியை மாத்திரம் எடுத்துக்கொள்வது லாபானின் வழி. யாக்கோபு அவனிடம் இருபது வருடம் வேலை செய்தபின் சொன்ன முறைப்பாட்டை ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். பத்து முறை சம்பளத்தை மாற்றினான் என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். துஷ்டமிருகம் பீறிப்போட்ட ஆட்டுக்கும் களவுபோன ஆட்டுக்கும் நட்டத்தை மேய்த்தவனே கட்ட வேண்டியிருந்தது என்ற 39ஆம் வசனத்தைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இத்தனைக்கும் லாபான் அந்நியனல்லன், தாய்மாமனும் மாமனாருமானவன். சொந்தக்காரப் பெடியன்தானே, பிறகு கொடுக்கலாம் என்ற பேச்சு நம் ஊரிலும் புதிதன்று.

ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீங்கள் ஒரு சமாதானமாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படி எடுக்க முடியாது. அடுத்த கிழமையும் வேலை வேண்டும் என்பவர் முகத்துக்கு முன்னால் கேட்கமாட்டார். இது தெரிந்துதான் உபாகமம், அவன் உன்னைக்குறித்துக் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாயிருக்கும் என்கிறது. யாக்கோபு நிருபம் 5:4 ஒரு படி மேலே போகிறது. அங்கே முதலில் கூக்குரலிடுவது ஆட்களல்லர். பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்பது அதன் பிறகுதான் வருகிறது. ஆட்கள் மௌனமாக இருந்தாலும் உங்கள் பெட்டிக்குள் கிடக்கும் அவர்களுடைய காசு மௌனமாக இருக்காது என்பதே பொருள். உங்கள் விடயத்தில் அந்தக் காசு வியாபாரியின் பெட்டிக்குள் கிடக்கிறது என்பீர்கள். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டது வியாபாரியோடு அல்ல, உங்களோடு.

மத்தேயு 20ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். அந்த உவமை பரலோக ராச்சியத்தின் கிருபையைப் பற்றியது. கூலிச் சட்டம் எழுத இயேசு அதைச் சொல்லவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும், நீங்கள் அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டபடியால், தோட்டத்துக்குள்ளேயே வைத்துப் பார்ப்போம். அந்த எசமான் விடியற்காலையில் சந்தைவெளிக்குத் தானே போகிறார். முதல் வந்தவர்களோடு நாளுக்கு ஒரு பணம் என்று பேசி முடிக்கிறார். அது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் உழைப்புக்கு வழங்கிய வெள்ளிக்காசு. பின்னர் வந்தவர்களுக்கு நியாயமானபடி தருவேன் என்கிறார். பதினோராம் மணி வேளையிலும், அதாவது பொழுது சாய ஒரு மணிநேரமே இருக்கும்போதும், சும்மா நின்றவர்களை அவர் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார், ஒருவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்ற பதிலை நம்புகிறார். பிறகு சாயங்காலமானபோது கூலி கொடுக்கச் சொல்கிறார். உபாகமத்தின் கட்டளை எந்த விளம்பரமும் இல்லாமல் அங்கே நிறைவேறுகிறது. கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கமாட்டார்கள். ஒரு மணிநேரம் மாத்திரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது, ஏனென்றால் அவன் வீட்டிலும் இரவுக்கு ஒரு முழு நாளின் உணவே வேண்டும். அதற்குப் பிறகே, என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா என்ற வார்த்தை வருகிறது. பேசியதற்கு மேலாகக் கொடுக்கிற ஒருவர், அதைக் கண்டு புழுங்குகிறவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று அதே வசனம் முடிகிறதே, அந்தப் பாதியை நீங்கள் ஏன் எழுதவில்லை? கூட்டிக் கொடுக்கிறவனின் உரிமையை எடுத்துப் பிந்திக் கொடுக்கிறவனுக்குப் போர்வையாகப் போடக்கூடாது.

பெண்களின் கூலி பற்றி. ஒரே தறையில், ஒரே வெயிலில், ஒரே வரம்பில் குந்தியிருந்து களை பிடுங்கியவர்களுக்கு ஆணுக்கு ஒரு கணக்கும் பெண்ணுக்கு ஒரு கணக்கும் என்பது இங்கே நெடுங்கால வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கொடு என்று நேராகச் சொல்லும் வசனம் வேதாகமத்தில் இல்லை. இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். எதிர்ப்பக்கத்தில் லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தைச் சிலர் நீட்டுவார்கள்: இருபது வயது முதல் அறுபது வயது வரையான ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30 சேக்கல் என்ற மதிப்பு அங்கே இருக்கிறது. ஆனால் அது, தன்னையோ தன் வீட்டாரையோ கர்த்தருக்குப் பொருத்தனை செய்தவர் அதற்கு ஈடாக ஆலயத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையின் அட்டவணை. வயல் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்புள்ள இடங்களில், ஒடுக்காதே என்ற கட்டளை ஆளின் வறுமையைப் பார்க்கிறது. மல்கியா 3:5, கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களைச் சூனியக்காரரோடும் பொய்யாணை இடுகிறவர்களோடும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, விதவைகளை அந்தக் கூலிக்காரரோடு சேர்த்தே சொல்கிறது. யுத்தத்தில் கணவனை இழந்த எத்தனை பெண்கள் நம் தோட்டங்களில் களை பிடுங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேதத்திலிருந்து ஓர் அனுமதியும் எடுத்துத் தர என்னால் முடியாது. (அதே மல்கியா 3ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம், தசமபாகத்தைப் பற்றியது, நம் ஆலயங்களில் எத்தனை முறை வாசிக்கப்படுகிறது என்பதையும் 5ஆம் வசனம் எத்தனை முறை வாசிக்கப்படுகிறது என்பதையும் ஒருவர் எண்ணிப் பார்க்கலாம்.)

மந்தமாக வேலை செய்கிறவனுக்கு, "வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங் கூடாது" என்ற 2 தெசலோனிக்கேயர் 3:10ஐப் பொருத்தலாமா என்கிறீர்கள். அந்த வார்த்தை வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றியது. அதுவும் இரவும் பகலும் தன் கைகளால் உழைத்த பவுல், சபையாரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்கு எழுதியது. தோட்டக்காரன் கூலியை வெட்டுவதற்கு எழுதியதன்று. கூலியாள் எப்போதும் உத்தமன் என்று வேதம் சொல்லவில்லை; மனுஷருக்குப் பிரியமாயிருக்கப் பார்வைக்கு ஊழியம் செய்கிறவர்களை எபேசியர் 6:6 கண்டிக்கிறது. அப்படிப்பட்டவனை நாளைக்கு அழைக்காமல் விடலாம். இன்றைக்கு அவன் செய்து முடித்த வேலைக்கு இன்றைய கூலி இன்று கடமை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நியாயமாக நடத்துவது காசோடு முடிவதில்லை. போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக என்ற உபாகமம் 25:4, மாடுகட்டிச் சூடு மிதித்த காலத்தைக் கண்ட நம் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். அதையே பவுல் இரண்டு இடங்களில் உழைக்கிற மனிதருக்குப் பொருத்துகிறார். ரூத் 2ஆம் அதிகாரத்தில் போவாஸ், அறுக்கிறவர்களோடு இருந்து சாப்பிடுகிறார். கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண்ணையும் அதே பந்திக்கு அழைத்து, வறுத்த கோதுமையைத் தன் கையால் கொடுக்கிறார். இதை யாழ்ப்பாணத்தில் வாசிக்கும்போது நெஞ்சில் ஒன்று உறுத்த வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளே இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இல். ஆனால் சட்டம் ஒழித்ததை வழக்கம் ஒழிக்கவில்லை. தோட்டத்தில் பகல் முழுவதும் மண்வெட்டி பிடித்தவருக்கு வீட்டுப் படலையடியில் சிரட்டையில் தேநீர் வார்த்த கைகளில் கிறிஸ்தவக் கைகளும் இருந்தன. இன்று சிரட்டை போய்விட்டது. தனியாக எடுத்து வைத்த கோப்பை எல்லா வீடுகளிலிருந்தும் போய்விட்டதா என்பதை அவரவர் குசினிக்குள் போய்ப் பார்க்கட்டும். தன் வேலைக்காரனின் வழக்கை அசட்டை செய்திருந்தால் தேவனுக்கு என்ன மறுமொழி சொல்வேன் என்று யோபு 31ஆம் அதிகாரத்தில் கேட்கிறார், "தாயின் கர்ப்பத்தில் என்னை உண்டுபண்ணினவர் அவனையும் உண்டுபண்ணினார் அல்லவோ?" என்பது அவர் அதற்குக் கொடுக்கும் காரணம். வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 4:1 அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே எழுதப்பட்டது. அந்த அமைப்பையே கவிழ்க்கச் சொல்லவில்லையே என்று பவுலோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் அடிமைக்கே நீதி கடமையென்றால் சுதந்திரமான கூலியாளுக்கு எவ்வளவு கடமை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டணத்தில் கடை வைத்திருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஊழியர் சேமலாப நிதிக்கென ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியே 3 வீதம் கட்ட வேண்டும். எட்டைக் கழித்துவிட்டு ஒன்றையும் கட்டாமல் விடுவது யாக்கோபு 5:4க்கு உதாரணம் தேடுகிறவருக்குப் போதுமானது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி மாடிவீடு கட்டுவித்து, மேசன்மாருக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வைப்பவர்கள் எரேமியா 22:13ஐ வாசிக்கட்டும். மேலறைகளையும் விசாலமான சாளரங்களையும் வைத்துக் கட்டிக்கொண்டு, அயலானை வேலைவாங்கிக் கூலி கொடாமல் விட்டவன் அங்கே ஒரு ராஜா.

உங்களுக்கு இனிச் செய்ய இருப்பது இது. வியாபாரியின் காசு வருமட்டும் காத்திராமல், நகையை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோ நிலுவையைத் தீர்த்துவிடுங்கள். கடன் வாங்க உங்களுக்கு இடமுண்டு, அவர்களுக்கு அந்தக் கொப்பியைத் தவிர இடமில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதற்கும் வேதத்தில் ஓர் அளவு இருக்கிறது. உபாகமத்தில் ஒடுக்காயாக என்று வரும் அதே எபிரேய வினைச்சொல் லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலும் வருகிறது. பிறனை ஒடுக்கி எடுத்ததை, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அதற்கு உரியவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒருவருக்கு 15,000 ரூபாய் நிலுவையென்றால் 18,000 ரூபாய் கொடுங்கள். கொடுக்க வேண்டிய நாளும் அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது: குற்றநிவாரண பலியைக் கொண்டுவரும் அதே நாள். உங்கள் கணக்கில் அது வருகிற ஞாயிறு. ஆகவே, காணிக்கைத் தட்டு உங்கள் வாங்குக்கு வருமுன், சனிக்கிழமை பின்னேரமே அவர்களுடைய வீடுகளுக்குப் போய்வந்துவிடுங்கள்.